ஹொயிஸ்ட் டிரைவில் பிரேக் அலார்ம்: எந்தக் கணத்தில் விழுகிறது?

பிரேக் அலார்ம் விழுந்த ஹொயிஸ்டுக்கு (பாரந்தூக்கும் இயந்திரம்) சைட்டில் நடக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். ரீசெட், மறுபடியும் ரீசெட், அதற்கும் மசியாவிட்டால் பரமீட்டருக்குள் (செட்டிங்குகளுக்குள்) போய் ஃபீட்பேக்கை, அதாவது பிரேக்கின் நிலையைச் சொல்லும் சிக்னலை, அணைத்துவிடுவது. அலார்ம் போய்விடும், வேலையும் ஓடும். ஆனால் பாரம் அந்தரத்தில் நிற்கும்போது அதைப் பிடித்திருப்பது அந்தப் பிரேக் மட்டும்தான். அது திறந்ததா மூடியதா என்று டிரைவுக்கே (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) தெரியாமல் செய்துவிட்டு, கீழே ஆட்களை நடமாட விடுவது பெரும் பிழை. பேலியகொட களஞ்சியத்தில் தொங்கும் இரண்டு தொன் ஹொயிஸ்டாக இருந்தாலும் சரி, துறைமுகத்தின் கொள்கலன் பாரந்தூக்கியாக இருந்தாலும் சரி, இதில் வித்தியாசம் கிடையாது.

காரணத்தைக் கண்டுபிடிக்க விலைகூடிய கருவி எதுவும் வேண்டாம். நல்ல மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), 500 வோல்ட் மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் மீட்டர்), அந்த டிரைவின் கைநூல் ஆகியவை போதும். இவற்றுக்கு முன்னால் ஒபரேட்டரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "தம்பி, பட்டனை அழுத்தின உடனேயா, ஓடிக்கொண்டிருக்கும்போதா, இறக்கும்போதா, பட்டனை விட்ட பிறகா?" அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெனலைத் திறக்க வேண்டும்.

முதலில், எந்தப் பிரேக்?

டிரைவில் ஓடும் ஹொயிஸ்டில் பிரேக் இரண்டு. ஒன்று மோட்டரின் பின்புறத்தில் இருக்கும் இயந்திரப் பிரேக். ஸ்பிரிங் மூடும், கொயில் திறக்கும். மற்றது பிரேக் ரெசிஸ்டர். பாரம் இறங்கும்போது மோட்டர் ஜெனரேட்டராக மாறித் திருப்பி அனுப்பும் சக்தியை டிரைவுக்குள் இருக்கும் சொப்பர் டிரான்சிஸ்டர் இந்த ரெசிஸ்டருக்குள் விட்டு வெப்பமாக்குகிறது. திரையில் இரண்டுக்கும் "பிரேக்" என்றுதான் எழுத்து வரும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

டான்ஃபொஸ் எஃப்சி302 டிரைவை எடுத்துக்கொண்டால் அலார்ம் 22 மட்டும்தான் இயந்திரப் பிரேக். 25 ரெசிஸ்டர் ஷோர்ட், 26 ரெசிஸ்டரின் சக்தி எல்லை, 27 சொப்பர் பழுது, 28 பிரேக் செக் தோல்வி. 28 வந்ததற்காகப் பிரேக் லைனிங்கைக் கழற்றுவதும், 22 வந்ததற்காக ரெசிஸ்டர் வாங்கப் புறக்கோட்டைக்கு ஓடுவதும் வீண் அலைச்சல். 22உடன் சேர்ந்து வரும் இலக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 0 என்றால் குறித்த நேரத்துக்குள் முறுக்குவிசை வந்து சேரவில்லை. 1 என்றால் எதிர்பார்த்த பிரேக் ஃபீட்பேக் வரவில்லை. முதலாவதற்கு மோட்டர் பக்கம் தேட வேண்டும், இரண்டாவதற்குப் பிரேக் பக்கம்.

ஷ்னைடர் அல்டிவாரில் இதே பிரிவினை பிஎல்எஃப், பிஆர்எஃப் என்று வரும். பிஎல்எஃப் வந்தால் பிரேக் திறக்கத் தேவையான கரண்ட் எட்டவில்லை, அல்லது பிரேக் மூடும் அதிர்வெண்ணை யாரும் செட் பண்ணவே இல்லை. பிஆர்எஃப் என்றால் ஃபீட்பேக் கொண்டக்ட் சொல்வதும் டிரைவ் கொடுத்த கட்டளையும் ஒத்துப்போகவில்லை. ஏபிபி ஏசிஎஸ்880இல் 71ஏ2 மூடவில்லை, 71ஏ3 திறக்கவில்லை, 71ஏ5 திறக்க அனுமதி இல்லை. சீமென்ஸில் 07931 திறக்கவில்லை, 07932 மூடவில்லை. வேறு டிரைவாக இருந்தாலும் கைநூலில் இந்த மூன்று வகையில் எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்: கரண்ட் வரவில்லை, திறக்கவில்லை, மூடவில்லை.

ஒரு தடவை தூக்கும்போது உள்ளே நடப்பது

"மேலே" பட்டனை அழுத்தியதும் பிரேக் உடனே திறப்பதில்லை. டிரைவ் முதலில் மோட்டரைக் காந்தமாக்கும். பிறகு மூடியிருக்கும் பிரேக்குக்கு எதிராக முறுக்குவிசையை ஏற்றும். கரண்ட் அல்லது முறுக்குவிசை நாம் கொடுத்த எல்லையைத் தாண்டியதும் ரிலே இழுத்து, கொன்டக்டர் (பெரிய மின்காந்த சுவிட்ச்) இழுத்து, ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்கும் பாகம்) வழியாகக் கொயிலுக்கு டிசி போகும். ஆர்மேச்சர் தட்டு "டக்" என்று இழுபட்டு லைனிங் விடுபடும். சிறிய டிஸ்க் பிரேக்கில் இதற்கு ஏறத்தாழ 50 முதல் 150 மில்லிசெக்கன். ஃபீட்பேக் சுவிட்ச் மாறும். அதற்குப் பிறகுதான் வேகம் ஏறத் தொடங்கும். நிறுத்தும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். வேகம் குறைந்து மூடும் எல்லைக்கு வரும், ரிலே விடும், பிரேக் கடிக்கும். பிரேக் கடித்து முடியும்வரை டிரைவ் முறுக்குவிசையை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

இந்த வரிசையில் ஏதாவது ஒரு படி குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால் வருவதுதான் அலார்ம். ஆகவே பெனலுக்குப் பக்கத்தில் நின்று காதைக் கொடுங்கள். கொன்டக்டர் இழுக்கும் சத்தம் கேட்கிறதா? அடுத்ததாக மோட்டரின் பின்னாலிருந்து தட்டு இழுபடும் சத்தம்? கொன்டக்டர் சத்தமே வராமல் அலார்ம் விழுந்தால் பிரேக்கைத் தொட வேண்டிய தேவையே இல்லை. டிரைவ் இன்னும் பிரேக்கைத் திறக்கச் சொல்லவே இல்லை. கொன்டக்டர் இழுத்தும் தட்டு இழுபடாவிட்டால் ரெக்டிஃபயர், கொயில், ஏர் கேப் (கொயிலுக்கும் தட்டுக்கும் இடையிலான இடைவெளி). இரண்டு சத்தமும் கேட்டு, அரைச் செக்கன் கழித்து அலார்ம் வந்தால் ஃபீட்பேக் சுவிட்ச், அதன் வயர், அல்லது டிரைவில் கொடுத்த காத்திருப்பு நேரம்.

கை வைப்பதற்கு முன்

பாரத்தைத் தரையில் இறக்காமல் பிரேக்கைத் தொடக் கூடாது. பாரம் மேலே நிற்கும்போது டிரிப் ஆனால் திரும்பத் திரும்ப ரீசெட் பண்ணி முயற்சிக்க வேண்டாம். ஒவ்வொரு முயற்சியிலும் பிரேக் ஒரு கணம் திறந்து, பாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கும் வாய்ப்பு உண்டு. கீழே இடத்தை மறித்துவிட்டு, பிரேக்கில் கைநெம்பு இருந்தால் அதைக்கொண்டு சில சென்ரிமீற்றர்களாக விட்டுவிட்டு இறக்குங்கள். ஒரேயடியாகத் திறந்தால் வேகம் ஏறி, பிரேக்கால் மறுபடி பிடிக்க முடியாமல் போகும்.

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிய பிறகும் டிரைவின் கபாசிட்டர்களில் வோல்டேஜ் இருக்கும். 400 வோல்ட் சப்ளையில் டிசி பஸ் ஏறத்தாழ 565 வோல்ட். டிரைவின் மூடியில் எழுதியிருக்கும் நிமிடங்கள் காத்திருந்து, டிசி பிளஸ் மைனஸ் இடையில் மீட்டர் வைத்து, வோல்டேஜ் இறங்கிவிட்டதை உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். மெக்கர் பண்ணுவதானால் மோட்டர் கேபிளையும் கொயில் வயரையும் டிரைவிலிருந்தும் ரெக்டிஃபயரிலிருந்தும் கழற்றியே பண்ண வேண்டும். மெக்கரின் 500 வோல்ட் ரெக்டிஃபயருக்குள்ளோ டிரைவுக்குள்ளோ போனால் ஒரு பழுது இரண்டாகிவிடும்.

கரண்ட் எட்டவில்லை

கொன்டக்டர் சத்தம் வராமலே விழும் அலார்ம் இது. முதலில் பார்க்க வேண்டியது மோட்டருக்கு மூன்று ஃபேஸும் போகிறதா என்பது. டிரைவுக்கும் மோட்டருக்கும் இடையில் கொன்டக்டர் இருந்தால் அதன் ஒரு முனை கரிந்திருக்கலாம். ஓவர்ஹெட் கிரேனில் தொங்கு கேபிளுக்குள் ஒரு கோர் முறிந்திருப்பது மிகச் சாதாரணம். டிராலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போகும்போது மட்டும் அலார்ம் வருகிறது என்று ஒபரேட்டர் சொன்னால், வேறு எதையும் தேடாமல் கேபிளின் மடிப்புகளைத் தடவிப் பாருங்கள். கோர் முறிந்த இடத்தில் உறை கொஞ்சம் மெலிந்தோ நெளிந்தோ இருக்கும்.

வயரிங் சரியென்றால் அடுத்தது செட்டிங். இங்கே நடக்கும் பிழை இரண்டு பக்கமும் உண்டு. எல்லையை மிகவும் உயர்த்தி வைத்தால் டிரைவ் அதை எட்டாமல் டிரிப் ஆகும். அதைப் பார்த்து எல்லையைக் கீழே இறக்கிவிடுவது இன்னும் மோசம். 400 வோல்ட், 5.5 கிலோவாட், நாலு போல் மோட்டர் ஒன்று முழுப் பாரத்தில் ஏறத்தாழ 11 அம்பியர் எடுக்கும். அதில் வெறும் காந்தமாக்கும் கரண்டே 5 அம்பியர் அளவுக்கு வரும். பிரேக் திறக்கும் கரண்டை 4 அம்பியர் என்று வைத்தால், முறுக்குவிசை துளிகூட இல்லாமல் காந்தக் கரண்டிலேயே அந்த எல்லை நிறைவேறிவிடும். டிரைவ் "கரண்ட் வந்துவிட்டது" என்று பிரேக்கைத் திறக்கும், பாரம் கீழே சரியும். அலார்ம் ஒன்றுமே வராது. ஆகவே எல்லை காந்தக் கரண்டை விட நன்றாக மேலே, பெயர்ப்பலகைக் கரண்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது எட்டவில்லை என்றால் மோட்டர் தரவு, ஒட்டோ டியூனிங் (டிரைவ் தானாக மோட்டரை அளந்துகொள்வது), குறைந்த வேக வோல்டேஜ் பூஸ்ட் ஆகியவற்றைச் சரிபார்ப்பதுதான் வழி.

மோட்டருக்குச் சுருளை மறுபடி சுற்றி எடுத்த பிறகோ, வேறு மோட்டர் போட்ட பிறகோ பெயர்ப்பலகை இலக்கங்களை மறுபடி கொடுத்து டியூனிங்கை ஓட்ட வேண்டும். ஹொயிஸ்டில் நிலையாக நிற்கும் டியூனிங்கைத்தான் எடுக்க வேண்டும். சுழலும் டியூனிங்கில் பிரேக் திறந்து மோட்டர் ஓடும். கயிற்றில் பாரம் இருந்தால் நிலைமை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

என்கோடர் (மோட்டரின் வேகத்தை அளந்து சொல்லும் கருவி) இல்லாத டிரைவில் பிரேக் திறக்கும் அதிர்வெண்ணை மோட்டரின் ஸ்லிப்பிலிருந்து (காந்தப்புலத்தின் வேகத்தைவிட ரோட்டர் பின்தங்கும் அளவு) கணக்கிடலாம். பலகையில் 1440 ஆர்பிஎம் என்றிருந்தால் 1500இலிருந்து 60 குறைவு, அதாவது 4 வீதம், 50 ஹெர்ட்ஸில் 2 ஹெர்ட்ஸ். தொடக்க மதிப்பாக அதைக் கொடுத்து, பாரத்தோடு பார்த்து நுணுக்கமாக மாற்றுங்கள். டான்ஃபொஸின் 1-72 பரமீட்டரில் இருக்கும் ஹொயிஸ்ட் பிரேக் திறப்புத் தெரிவு என்கோடருடன் கூடிய ஃபிளக்ஸ் முறையில் மட்டும்தான் வேலை செய்யும். ஓபன் லூப்பில் (என்கோடர் இல்லாமல்) அதைத் தெரிவு செய்துவிட்டு 2-26, 2-27 என்று மாற்றிக்கொண்டிருப்பதில் பலன் இல்லை. அங்கே 2-20 முதல் 2-23 வரைதான் உங்கள் கருவி.

இறக்கும் கட்டளைக்கும் பிரேக் திறக்கும் கணத்தில் முறுக்குவிசை மேல்நோக்கித்தான் இருக்க வேண்டும். மோட்டர் மாற்றும்போது இரண்டு ஃபேஸ் மாறிப்போய், அதைக் கட்டளைப் பட்டனை மாற்றி "சரி" பண்ணியிருந்தால், டிரைவ் மேல் என்று நினைத்துக் கீழே தள்ளும். திறக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் ஒரு குலுக்குக் குலுக்கி விழும். திசை பிழைத்தால் மோட்டர் கேபிளில் இரண்டு ஃபேஸை மாற்றித்தான் திருத்த வேண்டும். பட்டனில் திருத்துவது ஹொயிஸ்டுக்குப் பொருந்தாது.

பிரேக் திறக்கவில்லை: வயரிங், ரெக்டிஃபயர், கொயில்

பழைய ஹொயிஸ்டுக்கு டிரைவ் போட்ட இடங்களில் அடிக்கடி காணும் பழுது இது. நேரடியாக மெயினில் ஓடிய மோட்டரில் பிரேக் ரெக்டிஃபயருக்கான சப்ளையை மோட்டரின் டெர்மினல் பெட்டியிலிருந்தே எடுத்திருப்பார்கள். மோட்டருக்கு 400 வோல்ட் வந்தால் பிரேக்குக்கும் வரும், வசதி. டிரைவ் போட்ட பிறகு அந்த இணைப்பைக் கழற்ற மறந்தால், 2 ஹெர்ட்ஸில் மோட்டருக்கு வரும் வோல்டேஜ் கணக்குப்படி 16 வோல்ட் மாத்திரம், அதோடு கொஞ்சம் பூஸ்ட். அதைக்கொண்டு பிரேக் திறக்காது. வேகம் ஏறினால் பாதி திறந்து உரசிக்கொண்டே ஓடும், லைனிங் கருகும் வாடை வரும். டிரைவின் துடிப்பு வோல்டேஜில் ரெக்டிஃபயரும் நாளடைவில் செத்துப்போகும். டெர்மினல் பெட்டியைத் திறந்து பிரேக் சப்ளை எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பாருங்கள். அது மெயினிலிருந்து, தனிப் பிரேக்கர் வழியாக, கொன்டக்டருக்கு ஊடாக வர வேண்டும்.

அடுத்தது அளவீடு. கொயிலின் பலகையில் வோல்டேஜும் வோட்டும் இருக்கும். பிரேக் கட்டளை இருக்கும்போது கொயில் முனைகளில் மீட்டரை டிசியில் வையுங்கள். அரை அலை ரெக்டிஃபயரில் 400 வோல்ட் ஏசிக்கு ஏறத்தாழ 180 வோல்ட் டிசி, 230க்கு 103. முழு அலை பிரிட்ஜில் 230க்கு 207. வேகத் தூண்டல் உள்ள ரெக்டிஃபயர்களில் முதல் கணத்தில் கூடிய வோல்டேஜ் வந்து பிறகு இறங்கும், அது இயல்பு. வோல்டேஜ் பூச்சியம் என்றால் ரெக்டிஃபயரின் உள்ளீட்டில் ஏசி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ரெக்டிஃபயரை மாற்றுங்கள்.

மாற்றும்போது கவனம். முதலாம் குறுக்குத் தெருவில் சாதாரண பிரிட்ஜ் ரெக்டிஃபயர் கிடைக்கும், விலையும் குறைவு, அளவும் ஒன்றுபோல் இருக்கும். 400 வோல்ட் ஏசியில் 180 வோல்ட் கொயிலுக்கு அதைப் போட்டால் கொயிலுக்கு 360 வோல்ட் போகும். வோல்டேஜ் இரட்டித்தால் சக்தி நாலு மடங்கு. 45 வோட் கொயில் 180 வோட்டில் வேகும். முதல் நாள் பிரேக் "டக்கென்று" அருமையாகத் திறக்கும், சில நாட்களில் கொயில் எரிந்துபோகும். அரை அலைக்கு அரை அலையையே போடுங்கள், அதில் ஃப்ரீவீல் டயோடும் வரிஸ்டரும் (வோல்டேஜ் எகிறலை அடக்கும் பாகம்) சேர்ந்திருக்க வேண்டும்.

கொயிலைச் சரிபார்க்க ஓம் கணக்குப் போதும். வோல்டேஜின் வர்க்கத்தை வோட்டால் வகுத்தால் வர வேண்டிய ஓம். 180 வோல்ட், 45 வோட் என்றால் 720 ஓம். குளிர்ந்த கொயிலில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டலாம். 300, 400 என்று காட்டினால் சுருளுக்குள் ஷோர்ட், முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. இரட்டைச் சுருள் பிரேக்கில் இந்தக் கணக்கு செல்லாது. இரண்டு சுருளையும் தனித்தனியாக அளந்து கைநூலின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். சூடான பிறகு மட்டும் அலார்ம் வந்தால் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். ஆறிய பிறகு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

கட்டடச் சைட்டுகளில் ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் அலார்ம் வருவதும் உண்டு. பக்கத்தில் லிஃப்டோ வெல்டிங்கோ தொடங்கும் கணத்தில் 400 என்பது 330க்கு இறங்கினால் கொயிலுக்கு 150 வோல்ட்கூட வராது. தட்டு இழுபடாது. பிரேக் சப்ளையின் வோல்டேஜை அந்தக் கணத்திலேயே மீட்டரின் குறைந்தபட்ச மதிப்புப் பதிவில் பிடித்துப் பாருங்கள்.

ஏர் கேப்பும் உப்புக்காற்றும்

வோல்டேஜ் சரி, கொயில் சரி, ஆனாலும் தட்டு இழுபடவில்லை என்றால் ஃபீலர் கேஜை எடுங்கள். லைனிங் தேயத் தேய கொயிலுக்கும் தட்டுக்கும் இடையிலான இடைவெளி கூடும். இடைவெளி கூடக்கூட இழுவிசை அதன் வர்க்க விகிதத்தில் சரியும். இரட்டிப்பானால் ஏறத்தாழ நாலில் ஒன்று. சிறிய டிஸ்க் பிரேக்குகளில் புதிதாக இருக்கும்போது 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர், உச்ச எல்லை பெரும்பாலும் 0.6க்கு அண்மையில். சரியான எண் அந்தப் பிரேக்கின் அட்டவணையில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். சுற்றிவர 120 பாகை இடைவெளியில் மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூன்றும் ஒத்துவராவிட்டால் தட்டு சாய்ந்திருக்கிறது, அப்போது ஒரு பக்கம் உரசிக்கொண்டே இருக்கும். சரிசெய்த பிறகு லைனிங்கின் மொத்தத் தடிப்பையும் அளந்து, குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். இடைவெளியை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் ஒருநாள் ரிவெட்டோ வெறும் உலோகமோதான் பிடிக்கும்.

பழுதின் முதல் அடையாளமும் இதுதான்: காலையில் குளிர்ந்த நிலையில் பிரேக் திறக்கும், மத்தியானம் கொயில் சூடாகி ஓம் கூடி கரண்ட் குறைந்ததும் திறக்காது.

இதற்கு நேர்மாறானது கொழும்பில் மழைக்காலத்தில் வரும். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மே மாதத்தில் தொடங்குகிறது, வெசாக் விடுமுறையும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். நாலைந்து நாள் ஓடாமல் ஈரக்காற்றில் நின்ற ஹொயிஸ்டில் வார்ப்பிரும்பு உராய்வுத் தட்டு துருப்பிடித்து லைனிங் அதோடு ஒட்டிக்கொள்ளும். விடுமுறை முடிந்த முதல் நாள் முதல் அழுத்தலில் கொன்டக்டரும் இழுக்கும், தட்டும் இழுபடும், ஆனால் ரோட்டர் சுழலாது. கரண்ட் எகிறி ஓவர்லோட் அல்லது வேகப் பிழை என்று வேறு பெயரில் அலார்ம் விழும். வெளியே எடுத்துப் பார்த்தால் லைனிங்கின் அச்சு துருவாகத் தட்டில் பதிந்திருக்கும். தட்டை மெல்லிய எமரி தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, பிரேக் மூடியின் ரப்பர் சீலையும் அடிப்பக்க நீர்வடி துளையையும் பாருங்கள். துறைமுகப் பக்கத்திலும் இரத்மலானைக் கரையோரத்திலும் உள்ள கிரேன்களுக்குப் பிரேக் ஹீட்டர் இருந்தால் அதன் சப்ளையை விடுமுறையில் அணைக்காமல் விடுவது நல்லது. லைனிங்கில் எண்ணெயோ டபிள்யூடி40ஓ பட்டால் துடைத்துப் பயன்படுத்த முடியாது, மாற்ற வேண்டும்.

பெரிய கிரேன்களின் எண்ணெய்த் த்ரஸ்டர் பிரேக்கில் கொயிலுக்குப் பதில் சின்ன மூன்று ஃபேஸ் மோட்டர் இருக்கும். எண்ணெய் குறைந்தால் மெதுவாக ஏறும், முழு உயரத்துக்கு வராது. அங்கே காத்திருப்பு நேரத்தைக் கூட்டுவதற்கு முன் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள்.

ஃபீட்பேக்

இரண்டு சத்தமும் கேட்ட பிறகு வரும் அலார்முக்கு மைக்ரோ சுவிட்ச்தான் முதல் சந்தேகம். தட்டு நகரும் தூரமே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அந்த அளவு அசைவில் மாற வேண்டிய சுவிட்ச், லைனிங் தேய்ந்ததும் தன் புள்ளியிலிருந்து விலகிவிடும். ஏர் கேப்பைச் சரிசெய்த ஒவ்வொரு தடவையும் சுவிட்சையும் சரிசெய்ய வேண்டும். டிரைவின் உள்ளீட்டு நிலையைத் திரையில் வைத்துக்கொண்டு, சுவிட்சைக் கையால் அழுத்தி 0, 1 மாறுகிறதா என்று பார்த்தால் வயர் பக்கம் தெளிந்துவிடும்.

பல பெனல்களில் ஃபீட்பேக் என்று போட்டிருப்பது பிரேக் கொன்டக்டரின் துணைக் கொண்டக்ட் மாத்திரம்தான். அது கொன்டக்டர் இழுத்ததைத்தான் சொல்லும். கொயில் எரிந்திருந்தாலும் டிரைவ் பிரேக் திறந்ததாகவே நம்பும், மூடிய பிரேக்குக்கு எதிராக மோட்டரை ஓட்டும். சுவிட்ச் பொருத்த இடமிருக்கும் பிரேக்கென்றால் சுவிட்சையே போடுங்கள், அதற்காகும் செலவு வீணல்ல.

மூடவில்லை

இருக்கும் அலார்ம்களில் மிகப் பயங்கரமானது இது. 71ஏ2, 07932 போன்றவற்றை ஒரு தடவைகூட ரீசெட் பண்ணி ஓட்டக் கூடாது. டிரைவின் ரிலே கொண்டக்டோ கொன்டக்டரோ ஒட்டிப் பிடித்திருக்கலாம். டிரைவின் ரிலே பொதுவாக ஓரிரண்டு அம்பியருக்கானது. டிசி கொயிலை நேராக அதில் தொங்கவிட்டால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வில்பொறி எழுந்து, கடைசியில் ஒட்டிக்கொள்ளும். இடையில் கொன்டக்டர் கட்டாயம். அதன் கொயிலுக்குக் குறுக்கே ஸ்பைக் அடக்கியும் வேண்டும். பட்டனை விட்டதும் பிரேக் கொயிலில் வோல்டேஜ் பூச்சியமாகிறதா என்று பாருங்கள். பூச்சியமாகாவிட்டால் மின் பக்கம். பூச்சியமாகியும் மூடாவிட்டால் ஸ்பிரிங், நெம்பு, அல்லது வழிகாட்டிப் பின்கள் இறுகியிருக்கின்றன.

மூடுகிறது ஆனால் தாமதமாக மூடுகிறது என்றால் ரெக்டிஃபயரின் டிசி பக்கத்தைப் பாருங்கள். ஏசியை மட்டும் துண்டித்தால் கொயிலின் கரண்ட் ஃப்ரீவீல் டயோட் வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும், பிரேக் மூட நூற்றுக்கணக்கான மில்லிசெக்கன் பிடிக்கும். டிசி பக்கத்தையும் துண்டித்தால் அது சில பத்து மில்லிசெக்கனுக்குக் குறையும். ரெக்டிஃபயரில் டிசி துண்டிப்புக்கென்று இரண்டு முனை இருக்கும், தொழிற்சாலையிலிருந்து ஒரு ஜம்பர் போட்டு வரும். ஹொயிஸ்டில் அந்த ஜம்பரைக் கழற்றி அதே கொன்டக்டரின் இன்னொரு கொண்டக்டைப் போட வேண்டும். ஜம்பர் அப்படியே இருப்பதைக் கவனிக்காமல் டிரைவில் மூடும் நேரத்தைக் குறைவாகக் கொடுத்தால், பிரேக் கடிக்கும் முன்பே டிரைவ் கையை விட்டுவிடும். நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் பாரம் ஓர் அங்குலம் சறுக்கி நிற்கும்.

தொடக்கத்தில் சறுக்கினால் திறக்கும் எல்லை தாழ்வு. தொடக்கத்தில் குலுங்கி மேலே எகிறி லைனிங் மணத்தால் திறக்கும் தாமதம் போதாது, மோட்டர் மூடிய பிரேக்கை இழுக்கிறது.

கோன் மோட்டர் ஹொயிஸ்டுகள்

சீனத்துச் சிடி1 வகை வயர் ரோப் ஹொயிஸ்டுகளில் ரோட்டர் கூம்பு வடிவம். கரண்ட் வந்ததும் ரோட்டரே முன்னால் இழுபட்டுப் பிரேக் திறக்கும், தனிக் கொயிலோ ரெக்டிஃபயரோ கிடையாது. டிரைவின் பிரேக் ரிலேக்கு இங்கே வேலை இல்லை. குறைந்த அதிர்வெண்ணில் காந்தப்புலம் போதாமல் ரோட்டர் பாதிவழியில் நின்று உரசும். மிக மெதுவான வேகங்களை இந்த மோட்டரிடம் எதிர்பார்க்க வேண்டாம். நுண்ணிய வேகம் தேவையென்றால் மோட்டரை மாற்றுவதே சரி.

ரெசிஸ்டர் பக்கம்

இறக்கும்போது மட்டும், அதுவும் பாரத்தோடு மட்டும் டிரிப் ஆனால் இந்தப் பக்கம் வாருங்கள். 5 தொன் பாரத்தை நிமிடத்துக்கு 8 மீற்றரில் இறக்கினால் 5000 × 9.81 × 8 ÷ 60, அதாவது ஏறத்தாழ 6.5 கிலோவாட். கியர், மோட்டர் இழப்பு போக 5.5 கிலோவாட் திரும்பி வரும். 400 வோல்ட் டிரைவில் சொப்பர் 780 வோல்ட் அளவில் வேலை செய்கிறது என்று வைத்தால், 780இன் வர்க்கத்தை 5500ஆல் வகுக்க 110 ஓம். ரெசிஸ்டர் இதைவிடக் குறைவாகவும் டிரைவின் குறைந்தபட்ச ஓமை விடக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். 80 ஓம் போட்டால் உச்சத்தில் 7.6 கிலோவாட் எடுக்கும், அது போதும்.

ஓமைவிட அதிகம் தவறுவது வோட். 24 மீற்றர் உயரத்திலிருந்து அந்த வேகத்தில் இறங்க 3 நிமிடம். அந்த 3 நிமிடமும் 5.5 கிலோவாட் தொடர்ச்சியாக ரெசிஸ்டருக்குள் போகும். 120 செக்கன் சுழற்சியில் 10 வீதம் என்று விற்கப்படும் ரெசிஸ்டர் அதை 12 செக்கன்தான் தாங்கும். களஞ்சியத்தில் 4 மீற்றர் இறக்கும் ஹொயிஸ்டில் நன்றாக ஓடிய அதே ரெசிஸ்டர் உயர்ந்த கட்டடத்தில் அலார்ம் 26ஐத் தருவது இதனால்தான். டான்ஃபொஸில் 2-11 ஓம், 2-12 சக்தி எல்லை. இருப்பதை விடக் கூட எழுதி அலார்மை மறைத்தால் ரெசிஸ்டர் சிவக்கும்.

ஓவர்வோல்டேஜ் கட்டுப்பாட்டை ஹொயிஸ்டில் அணைத்தே வைக்க வேண்டும். டான்ஃபொஸில் 2-17, ஏபிபியில் 30.30, அல்டிவாரில் வேகக்குறைப்புத் தழுவல். அது இயங்கினால் டிசி பஸ் உயரும்போது டிரைவ் தானாக வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்கும். இறங்கும் பாரத்தில் வேகம் கூடுவது எதை நோக்கிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

27 போன்ற சொப்பர் அலார்ம் வந்தால் டிரைவ் நின்றிருந்தாலும் ரெசிஸ்டருக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கலாம். மெயினைத் துண்டித்தால்தான் நிற்கும். ஆகவே ரெசிஸ்டரின் வெப்ப சுவிட்சை டிரைவின் உள்ளீட்டுக்கு மட்டும் கொடுக்காமல் மெயின் கொன்டக்டரின் கொயில் சுற்றில் போடுங்கள். கடற்காற்றில் ரெசிஸ்டர் பெட்டியின் டெர்மினல்கள் பச்சை பிடித்து இணைப்பு விட்டுப்போவதும் 28க்கு வழக்கமான காரணம். டிரைவ் பக்க முனையிலிருந்து அளந்து, பலகையில் உள்ள ஓமோடு 10 வீதத்துக்குள் வருகிறதா பாருங்கள்.

திருத்திய பிறகு

வெறும் கொக்கியோடு மேலும் கீழும் ஓட்டி, கரண்டையும் டிசி பஸ்ஸையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கால்வாசி, அரை, முழுப் பாரம் என்று ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் தரையிலிருந்து 20 சென்ரிமீற்றர் உயர்த்தி நிறுத்தி, கயிற்றில் ஒரு சோக்கட்டி அடையாளம் போட்டு பத்து நிமிடம் பாருங்கள். அடையாளம் அசையக் கூடாது. அந்தரத்திலிருந்து மறுபடி மேலே, அந்தரத்திலிருந்து மறுபடி கீழே. சறுக்கல் வெளிப்படுவது இந்த இரண்டு தொடக்கங்களில்தான், தரையிலிருந்து தூக்கும்போது தெரியாது. முழுப் பாரத்தில் இறக்கும்போது அவசர நிறுத்தத்தையும் ஒரு தடவை அழுத்தி, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பெயரளவுப் பாரத்துக்கு மேலான சோதனையை அதிகாரம் பெற்ற பரிசோதகரிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாம் சரியானதும் பரமீட்டர்களைக் கீபேடில் பிரதியெடுத்து, ஏர் கேப், கொயில் ஓம், கொயில் வோல்டேஜ், திறக்கும் கரண்ட், மூடும் நேரம், நின்ற தூரம் ஆகியவற்றைத் திகதியோடு ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு பெனல் கதவின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்த முறை அலார்ம் விழும்போது வேறு ஒருவர் வரலாம். எந்த எண் மாறியிருக்கிறது என்று அவர் அந்தத் தாளில் பார்த்து அங்கிருந்தே தொடங்கலாம்.